ஏழு கோல் அடித்தும் தோற்ற பந்தயம்



2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்த சமயத்தில் சிங்கப்பூரில் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. பலருக்கு அது இன்னும் நினைவில் இருக்கும். சில சிறுவர்கள் கூடி உட்கார்ந்து, எந்த நாடு கிண்ணத்தை வெல்லும் என்று உற்சாகமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் முகம் வாடியிருக்கிறான். ஜெர்மனி ஜெயிக்க வேண்டும் என்கிறான். காரணம், அவன் சேமித்து வைத்த பணம் முழுவதையும் அவனுடைய அப்பா ஜெர்மனி மீது பந்தயம் கட்டிவிட்டார். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் தயாரித்த விளம்பரம் அது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனி கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. எச்சரிக்கையாக வந்த விளம்பரம் வேடிக்கைப் பொருளாகிவிட்டது. அந்தப் பையனின் அப்பா புத்திசாலி, காற்பந்து தெரிந்தவர் என்று இணையத்திலும் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சிரித்தார்கள். மன்றம் உடனே விளம்பரத்தை மாற்றியது. "ஜெர்மனிதான் வென்றதே, பணம் திரும்பக் கிடைத்ததா?" என்ற பொருளில் ஒரு கேள்வி. இல்லை, அப்பா இன்னும் ஒருமுறை கட்டப் போகிறாராம் என்று அந்தச் சிறுவன் பதில் சொல்கிறான்.

அன்றைய சிரிப்புக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. காற்பந்தை நன்றாக அறிந்தவர் பந்தயத்தில் வெல்வார் என்பதே அந்த நம்பிக்கை. இன்று அந்த நம்பிக்கையை வைத்தே ஒரு பந்தயம் விற்கப்படுகிறது. ஒரே ஆட்டத்தில் நான்கைந்து விஷயங்களைச் சேர்த்து ஒரு சீட்டாகக் கட்டும் பந்தயம். அமெரிக்காவில் இதற்கு 'சேம் கேம் பார்லே' என்று பெயர். ஆஸ்திரேலியாவில் 'சேம் கேம் மல்ட்டி'. பிரிட்டனில் 'பெட் பில்டர்'. தமிழில் 'ஒரே ஆட்டக் கூட்டுப் பந்தயம்' என்று வைத்துக்கொள்ளலாம். இதில் வெல்ல உத்தி உண்டா என்பதே இன்றைய பேச்சு.

தொண்ணூறாவது நிமிடம்

அதே 2014ஆம் ஆண்டின் அரையிறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூலை 8ஆம் தேதி, பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டி நகரில் ஜெர்மனியும் பிரேசிலும் மோதின. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது மறுநாள் அதிகாலை 4 மணி. தூக்கத்தைத் துறந்து உட்கார்ந்த ஒருவர் கூட்டுப் பந்தயம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்நாளில் இப்படிப்பட்ட பந்தயம் பரவலாக இல்லை. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

அவர் ஜெர்மனியின் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். பிரேசில் அணியில் நெய்மார் காயத்தால் இல்லை, தியாகோ சில்வா தடையால் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். எனவே நான்கு விஷயங்களைச் சேர்க்கிறார். ஒன்று, ஜெர்மனி வெல்லும். இரண்டு, ஆட்டத்தில் மூன்று கோலுக்குக் குறையாது. மூன்று, தோமஸ் முல்லர் ஒரு கோலாவது போடுவார். நான்கு, பிரேசில் கோல் போடாது.

11ஆவது நிமிடத்தில் முல்லர் கோல் போட்டுவிட்டார். 29ஆவது நிமிடத்திற்குள் ஐந்து கோல்கள். 79ஆவது நிமிடத்தில் 7-0. இப்படி ஓர் ஆட்டத்தை உலகக் கிண்ண அரையிறுதியில் யாரும் பார்த்ததில்லை. நம் ஆளின் சீட்டில் நான்கும் சரியாக நிற்கின்றன. 90ஆவது நிமிடத்தில் பிரேசிலின் ஒஸ்கார் ஒரு கோல் போடுகிறார். 7-1. ஆட்டத்திற்கு அந்தக் கோலால் ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் சீட்டு செத்துவிட்டது. நான்கில் மூன்று சரியாக இருந்தாலும் கிடைப்பது சுழியம். ஜெர்மனி ஏழு கோல் அடித்த இரவில் தலையில் கை வைத்து உட்கார்ந்த ஒரே ஜெர்மனி ரசிகர் அவராகத்தான் இருப்பார்.

இறுதியாட்டத்தைப் பாருங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக 90 நிமிடம் வரை 0-0. கூடுதல் நேரத்தில், 113ஆவது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த மரியோ கோட்சே கோல் போட்டார். பெரும்பாலான பந்தயங்களில் கணக்கு 90 நிமிடத்தோடும் காயத்துக்கான கூடுதல் நிமிடங்களோடும் முடிந்துவிடும். ஆகவே 'ஜெர்மனி வெல்லும்' என்று அந்த ஆட்டத்துக்குக் கட்டியவர், ஜெர்மனி கிண்ணத்தை ஏந்திய நேரத்தில் பணத்தை இழந்திருப்பார். அவருடைய காற்பந்து அறிவு சரிதான். பந்தயம்தான் தோற்றது.

ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கழிவு

கூட்டுப் பந்தயம் ஒரு சங்கிலி. சேர்க்கப்படும் ஒவ்வொரு விஷயமும் அதில் ஒரு கண்ணி. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் போயிற்று. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, ஒவ்வொரு கண்ணியிலும் நிறுவனம் எடுக்கும் கழிவு.

நாணயத்தைச் சுண்டிப் போடுவது போல, பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். நியாயமாகப் பார்த்தால் 10 வெள்ளி கட்டி வென்றவருக்கு, கட்டிய பணத்தோடு சேர்த்து 20 வெள்ளி தர வேண்டும். நிறுவனம் 19 வெள்ளி தருகிறது. விகிதம் 1.90 என்பார்கள். அப்படியென்றால் கட்டப்படும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும், நீண்ட கால சராசரியில், 95 வெள்ளிதான் திரும்புகிறது. 5 வெள்ளி கடைக்காரருக்கு.

இதுபோல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பந்தயங்களை இணைத்தால் 100 வெள்ளியில் திரும்புவது 90 வெள்ளி 25 காசு. மூன்று இணைத்தால் ஏறக்குறைய 85 வெள்ளி 74 காசு. நான்கு என்றால் 81 வெள்ளி 45 காசு. ஐந்து என்றால் 77 வெள்ளி 38 காசு. விகிதம் பெருகுவதாகத் திரையில் தெரிகிறது. பெருகுவது விகிதம் மட்டுமன்று, கழிவும் சேர்ந்தே பெருகுகிறது.

அதே ஐந்து கண்ணிச் சீட்டை ஒருவர் 10 வெள்ளி வீதம் 32 முறை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 320 வெள்ளி. ஐந்தும் சரியாக வருவது, சராசரியாக, 32இல் ஒரு முறை. அப்போது கைக்கு வருவது சுமார் 247 வெள்ளி 60 காசு. இழப்பு 72 வெள்ளிக்கு மேல். இந்த 320 வெள்ளியைத் தனித்தனிப் பந்தயமாகக் கட்டியிருந்தால் சராசரி இழப்பு 16 வெள்ளிதான்.

"நாலு வந்துச்சு, ஒண்ணு போச்சு"

காப்பிக்கடைகளில் திங்கட்கிழமை காலையில் கேட்கும் பேச்சு இது.

"அண்ணே, இந்த வாரம் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. நாலு சரியா வந்துச்சு, ஒண்ணுதான் போச்சு."

"போன வாரமும் இதையேதான சொன்ன தம்பி?"

"போன வாரம் கார்னர் கிக் ஒண்ணு குறைஞ்சுபோச்சு அண்ணே. அடுத்த வாரம் பாருங்க."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. முன்பு சொன்ன அதே ஐந்து கண்ணிச் சீட்டில் ஐந்தும் சரியாக வருவது 32இல் ஒரு முறை என்றால், சரியாக நான்கு மட்டும் வருவது 32இல் ஐந்து முறை. அதாவது ஒருமுறை வெல்வதற்குள், மயிரிழையில் தவறுவது ஐந்து முறை நடக்கும். இது துரதிர்ஷ்டம் அன்று. சீட்டின் அமைப்பே அப்படி.

மயிரிழையில் தவறுவது மனிதனை என்ன செய்யும்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டியது. சூதாட்ட இயந்திரத்தைப் போன்ற ஒரு விளையாட்டில், வெற்றிக்கு மிக அருகில் வந்து தவறும்போது மூளையில் வெற்றியின்போது தூண்டப்படும் பகுதிகளே தூண்டப்பட்டன. தோற்றவருக்கு, மேலும் விளையாட வேண்டும் என்ற ஆசை கூடியது. தோல்வி பாடம் கற்பிக்க வேண்டும். இந்தத் தோல்வியோ 'நீ கெட்டிக்காரன், கொஞ்சம்தான் பிசகிவிட்டது' என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடியும் கைப்பேசியைத் திறக்கிறார்.

உத்தி என்று சொல்லப்படுவது

சரி, ஐந்து கண்ணிகளும் நாணயம் சுண்டுவது போலத் தனித்தனியானவை அல்லவே என்று விவரமானவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே ஆட்டத்தில் நடப்பவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. முன்னணி ஆட்டக்காரர் கோல் போட்டால் அவருடைய அணி வெல்லும் வாய்ப்பும் கூடும். கூட்டுப் பந்தய உத்தி என்று பேசப்படுவதன் சாரம் இதுதான்: ஆட்டம் எப்படிப் போகும் என்று ஒரு கதையை மனத்தில் வகுத்துக்கொள், அந்தக் கதைக்குப் பொருந்தும் விஷயங்களை மட்டும் சேர், எதிரும் புதிருமானதைச் சேர்க்காதே.

இந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஒரு கணக்கு பார்ப்போம். ஓர் அணி 100 ஆட்டத்தில் 50 வெல்லும். அதன் முன்னணி ஆட்டக்காரர் 100இல் 40 ஆட்டத்தில் கோல் போடுவார். இரண்டும் தொடர்பில்லாதவை என்றால், இரண்டும் சேர்ந்து நடப்பது 100இல் 20 முறை. ஆனால் அவர் கோல் போட்ட 40 ஆட்டங்களில் அணி 28இல் வென்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உண்மையான வாய்ப்பு 28. பந்தயக்காரர் தெரியாத்தனமாக 20 என்று நினைத்து ஐந்து மடங்கு கொடுத்தால், 10 வெள்ளி வீதம் 1,000 வெள்ளி கட்டியவருக்கு 1,400 வெள்ளி திரும்பும். கடையை மூட வேண்டியதுதான்.

அதனால்தான் பழைய காலத்துப் பந்தயக்காரர்கள் ஒரே ஆட்டத்தில் தொடர்புடைய இரண்டை இணைத்துக் கட்ட விடவே மாட்டார்கள். பிறகு ஏன் இப்போது அவர்களே கூவி அழைக்கிறார்கள்? கணினி வந்துவிட்டது. ஓர் ஆட்டத்தைக் கணினிக்குள்ளேயே பல்லாயிரம் முறை ஆடிப் பார்த்து, எது எதனோடு சேர்ந்து நடக்கும் என்று அவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். 100இல் 28 வாய்ப்பு என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். நியாயமான விகிதம் 3.57 என்றால் திரையில் 3.00 என்று போடுவார்கள். 1,000 வெள்ளி கட்டியவருக்குத் திரும்புவது 840. ரசிகர் கண்டுபிடித்ததாக நினைத்த தொடர்பு, விலையில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. சாதாரணப் பந்தயத்தில் கழிவு எவ்வளவு என்று எவரும் கண்டுபிடிக்கலாம். முதல் அணி வெல்ல 2.10, சமநிலைக்கு 3.30, இரண்டாம் அணி வெல்ல 3.40 என்று விகிதம் இருந்தால், எந்த முடிவு வந்தாலும் 100 வெள்ளி கைக்கு வர மூன்றிலும் சேர்த்து 107 வெள்ளி 33 காசு கட்ட வேண்டும். அந்த 7 வெள்ளிச் சொச்சம்தான் கழிவு. ஆனால் நான்கு கண்ணிக் கூட்டுப் பந்தயத்தில், 'இந்த நான்கும் சேர்ந்து நடக்காது' என்று கட்டப் பந்தய நிறுவனங்கள் பொதுவாக விடுவதில்லை. மறுபக்கத்து விலை தெரியாததால் இந்தப் பக்கத்து விலை நியாயமா என்று சோதிக்க வழியில்லை. மீன் வாங்கும்போது தராசைப் பார்க்கிறோம். இங்கே தராசு மேசைக்கு அடியில் இருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கிய பிறகு அங்கே மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டபூர்வமானது. 2019இல் ஒரே ஆட்டக் கூட்டுப் பந்தயம் அறிமுகமாயிற்று. பல மாநிலங்களில் அரசாங்கமே பந்தயக் கணக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்தால் தெரியும்: 100 டாலரில் நிறுவனத்திடம் தங்கும் பங்கு, தனிப் பந்தயத்தைவிடக் கூட்டுப் பந்தயத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். விளம்பரங்களில் கூட்டுப் பந்தயமே முன்வரிசையில் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிச்சயமான ஒரே வழி

நான்கைந்து கண்ணிகளும் நிச்சயம் சரியாக வரும் என்று தெரிந்துகொண்டே கட்டியவர்களும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவில், டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்கு ஆடியவர் ஜான்டே போர்ட்டர். 2024 மார்ச் 20ஆம் தேதி ஆட்டத்தில் அவர் எல்லாவற்றிலும் குறைவாகவே ஆடுவார் என்று கூட்டுப் பந்தயமாக ஒருவர் 80,000 டாலர் கட்டினார். வென்றால் 11 லட்சம் டாலர். போர்ட்டர் அன்று மூன்று நிமிடம் மட்டும் ஆடி, உடல்நலமில்லை என்று சொல்லி வெளியேறினார். சந்தேகப்பட்ட நிறுவனம் பணத்தைத் தரவில்லை. ஏப்ரல் மாதத்தில் அவருக்கு வாழ்நாள் தடை. ஜூலை மாதத்தில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரைச் சிக்க வைத்தது அவருடைய சொந்தச் சூதாட்டக் கடன்.

ஆட்டக்காரரே கூட்டாளியாக இருந்தும் அந்தப் பணம் கைக்கு வரவில்லை. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்ப்பவருக்கு எங்கிருந்து வரும் நிச்சயம்?

அப்படியானால் உத்தியே இல்லையா? இருக்கிறது. கண்ணிகளைக் குறைத்தால் இழப்பு குறையும். தொகையைக் குறைத்தால் இழப்பு குறையும். இவை மெதுவாக இழக்கும் உத்திகள், வெல்லும் உத்திகள் ஆகா. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956இல் ஒரு சூத்திரம் எழுதினார். எவ்வளவு கட்டலாம் என்று முடிவு செய்யத் தொழில்முறைப் பந்தயக்காரர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கட்டுபவருக்குச் சாதகம் இல்லாத பந்தயத்துக்கு அந்தச் சூத்திரம் தரும் விடை ஒன்றே: சுழியம். ஒரு காசும் கட்டாதே.

வீட்டில் தொடங்க வேண்டியது

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத சூதாட்ட நடத்துநர்களிடம் சூதாடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் இருக்கிறது. 2010இல் காற்பந்துப் பந்தயத்துக்கு உரிமம் வழங்குவது பற்றிப் பேச்சு எழுந்து, அரசாங்கம் அதைக் கைவிட்டது. கைப்பேசிக்கு வரும் வெளிநாட்டு இணைப்பைத் தொடுபவருக்கு, பணம் வராவிட்டால் முறையிடக்கூட ஓர் இடம் கிடையாது.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே குடும்பத்துக்குத் தெரிந்துவிடும். பந்தயம் கட்டுபவர் வென்ற நாளை மட்டும் வீட்டில் சொல்வார். அன்று கோழிச்சோறு வரும், பிள்ளைக்குச் சப்பாத்து வரும். தோற்ற நாள்களுக்குப் பேச்சே இருக்காது. ஆகவே வீட்டில் உள்ளவர்கள் "ஜெயித்தீர்களா?" என்று கேட்பதைவிட "இந்த மாதம் மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேட்பது நல்லது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போதும். ஒன்றில் போன பணம், மற்றதில் வந்த பணம். மூன்று மாதம் எழுதினால் எந்தப் பேச்சாளரும் தேவையில்லை, அந்தப் புத்தகமே பேசும். எழுத மறுப்பவருக்கும், எழுதியும் நிறுத்த முடியாதவருக்கும் உதவி இருக்கிறது. சிங்கப்பூரில் தேசிய மன்றத்தின் உதவித் தொலைபேசி 1800-6-668-668. சூதாட்டக் கணக்கிலிருந்து தம்மைத் தாமே விலக்கி வைத்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. அழைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கடன்காரர் கதவைத் தட்டும் வரை காத்திருப்பதுதான் வேதனை.

பணத்தோடு போகும் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 7-1 ஆட்டம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஆட்டம். அதைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார்கள். ஆனால் நான்கு கண்ணிச் சீட்டைக் கையில் பிடித்திருப்பவர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் பார்த்தது பிரேசிலின் வலதுகால், இடதுகால், இன்னும் எத்தனை நிமிடம் என்ற கடிகாரம். அவருக்கு நினைவில் நிற்பது ஒஸ்காரின் அந்த ஒரு கோல்.

2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று வகுத்தார்கள். ஆட்டங்கள் பெருகப் பெருகச் சீட்டுகளும் பெருகும். ஆட்டத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். யார் கோல் போடுவார் என்று அவர்களோடு ஊகம் சொல்லுங்கள். தவறினால் தேநீர் போட்டுக் கொடுப்பது தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுவனின் சேமிப்பு உண்டியலில் கை வைக்காமலேயே ஆட்டத்தின் முழுச் சுவையும் கிடைக்கும்.

விளம்பரத்தில் வந்த அந்தப் பையனுக்கு ஜெர்மனி வென்றும் பணம் திரும்பவில்லை. எழுதியவர்கள் அறிந்து எழுதினார்களோ, அவசரத்தில் எழுதினார்களோ, அந்தப் பதிலில் மொத்தக் கணக்கும் இருக்கிறது: அப்பா இன்னும் ஒருமுறை கட்டப் போகிறார்.